விலை கூடிய ஃபிளாக்‌ஷிப் போன் (ஒரு நிறுவனத்தின் உச்ச மாடல்) கொடுக்கும் காசுக்குத் தகுமா?

வாட்ஸ்அப், யூடியூப், பிக்மீ, வங்கிச் செயலி, இவ்வளவுதான் தேவை என்றால் தகாது. நடுத்தர விலைப் போனே தாராளமாகப் போதும்.

வித்தியாசம் தெரிவது கமராவில்தான். பெரிய சென்சார் கூடுதல் வெளிச்சத்தை உள்வாங்கும். வெள்ளவத்தைக் கடற்கரையில் பொழுது சாய்ந்த பிறகு எடுக்கும் படம்கூடத் தெளிவாக வரும். அப்புறம் ஆயுள். 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கு 7 வருட அப்டேட் தருவதாக சாம்சங் அறிவித்தது. இடையில் பற்றரியை மாற்றி அவ்வளவு காலம் பாவிப்பீர்கள் என்றால் சரி, வாங்கலாம். இரண்டு வருடத்தில் மாற்றுபவர் என்றால் காசு வீண்.

நான் சொல்வது, போன வருட ஃபிளாக்‌ஷிப்பைப் பாருங்கள். கொழும்பு லிபர்ட்டி பிளாசா கடைத்தொகுதியில் வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) எடுத்து, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, இலங்கைத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று கட்டாயம் பாருங்கள்.