அவருக்கும் ஒரு பரிசோதனை வேண்டும், சகோதரி

சகோதரி, உங்களுக்கு 28, கணவருக்கு 43, கல்யாணமாகி ஒன்றரை வருடமாகியும் குழந்தை இல்லை, உங்கள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் மாமியார் உங்களையே குறை சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

வயது என்றால் பெண்ணின் வயதுதான் என்று நம் பக்கம் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பெண்ணுக்கு 35க்கு மேல் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். ஆணுக்கு மெதுவாக, 40ஐ ஒட்டி, விந்தின் அளவும் அதிலுள்ள உயிரணுக்களின் ஓட்டமும் இறங்கும். மனைவி இளையவராக இருந்தாலும் கரு தங்கக் கூடுதல் மாதங்கள் ஆகலாம். பதினைந்து வயது இடைவெளி நோயல்ல, அவருடைய 43ஐத்தான் பார்க்க வேண்டும்.

12 மாத முயற்சிக்குப் பிறகு இருவரையும் சேர்த்தே சோதிப்பதுதான் முறை. அவருக்கு முதலில் விந்துப் பரிசோதனை. கடைசியாக விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் கழித்து மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி உயிரணு என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் கீழ் அளவு. அதற்குக் குறைந்தாலும் பதறாதீர்கள், மறுபடி சோதித்துத்தான் முடிவு சொல்வார்கள். புது உயிரணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். புகை, குடியை விட்டால் பலன் அதற்கப்புறம்தான் தெரியும்.

குழந்தை வரம் வேண்டித் திருக்கருகாவூர் கோயில் நெய் சாப்பிடுகிறீர்களாமே, தொடருங்கள். அடுத்த முறை கோயிலுக்கு அவரையும் கூட்டிப்போங்கள். அப்படியே தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் இருவருமாக விசாரித்துவிட்டு வாருங்கள். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். உங்கள் கணவரே தன் அம்மாவிடம் பேசட்டும்.