பழைய ஐ7-ஆ, புது ஐ3-யா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். கையில் 40 ஆயிரம் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கடையில் ஐ7, 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பை 27 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். சீட்டில் 'ஐ7-6600யு' என்று எழுதியிருக்கிறது. புதிதாக வாங்கினால் 38 ஆயிரத்துக்கு ஐ3-யும் 8 ஜிபியும்தான் வருகிறது. ஐ7-ஐயே எடுத்துவிடலாமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: வேண்டாம் சார். சீட்டில் இருந்த எண்ணையும் சேர்த்து எழுதினீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. 6600-இல் முதலில் நிற்கும் 6 தான் தலைமுறை, அதாவது 2015-இல் வந்த சிப், அதற்குள் இருப்பது வெறும் 2 கோர் (சிப்புக்குள் வேலை பார்க்கும் கைகள் மாதிரி). நீங்கள் பார்த்த ஐ3 ஒருவேளை 1215யு என்றால் முதல் இரண்டு எண்களைச் சேர்த்துப் படியுங்கள், அது 12-ஆம் தலைமுறை, 6 கோர். பெயரில் 3 என்று இருப்பதால் அது தம்பி, 7 அண்ணன் என்று நினைத்துவிடக் கூடாது, அந்தக் கணக்கு ஒரே தலைமுறைக்குள் மட்டும்தான் செல்லும்.

இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு, ஐ3, ஐ5, ஐ7 சிப்களைச் செய்யும் இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். கடைக்காரர் எப்படியோ 11-ஐ ஏற்றிக் கொடுத்திருப்பார், ஓடவும் செய்யும், ஆனால் நாளைக்கு அப்டேட் வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

பழசு வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. 8250யு போன்ற 8-ஆம் தலைமுறை ஐ5-இலேயே 4 கோர் உண்டு, நல்ல விலைக்கு வந்தால் எடுக்கலாம். ஆனால் கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் யூடியூப் ஓடவிட்டுப் பாருங்கள். 100 சதவீதம் 60-க்கு இறங்கிவிட்டால் பேட்டரி செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

புதியதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ரேம்தான். முதல் வருடத்தில் சி, பைத்தான் எழுத 8 ஜிபி தாராளம். மொபைல் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும், திரையிலேயே ஒரு போனைப் போல ஓடும் எமுலேட்டரையும் சேர்த்துத் திறக்கும் நாளில்தான் மூச்சு வாங்கும். அப்போது இன்னொரு 8 ஜிபி போட இடம் இருக்கிறதா? அக்கா பையனுக்கு வாங்கித் தந்தபோது நான் இதைக் கேட்காமல் விட்டேன், ரேம் முழுக்க போர்டிலேயே ஒட்டியிருந்தது, இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் அந்தப் பேச்சு வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் 'மெமரி' என்ற பக்கத்தில் ரேம் மாட்டும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பாமல் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியையும் பாருங்கள், எஸ்ஓடிஐஎம்எம் என்று இருந்தால் கழற்றி மாட்டும் வகை. ஃபைல்களைச் சேமிக்க எஸ்எஸ்டி இருக்கட்டும், அதைவிட மெதுவான இஎம்எம்சி என்றால் நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம், யாராவது ரைசன் (இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் சிப்) காட்டினால் முதல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ரைசன் 5 7520யு-வில் அந்த 7, வந்த வருடத்துக்கான குறி மட்டும்தான். மூன்றாவதாக நிற்கும் 2-தான் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு என்று சொல்கிறது.

கேள்வி: ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன், டேலி மட்டும்தான் வேலை. மேக்புக் ரொம்ப வருடம் உழைக்குமாமே, அதை வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உழைக்கும், ஆனால் உங்களுக்காக உழைக்காது. டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது, மேக்கில் நேரடியாக ஏறாது. உங்களுக்குச் சாதாரண ஐ3-யே போதும். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், வலது பக்கம் தனியாக எண் பட்டன்கள் இருக்கட்டும். 15.6 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்கும், 14-இல் பொதுவாக இருக்காது. தீபாவளி நேரத்தில் நாள் முழுக்க பில் போடும்போது அதன் அருமை தெரியும். லேப்டாப் கல்லாவை விட்டு நகரவே நகராது என்றால் டெஸ்க்டாப்பையும் யோசிக்கலாம், ஆனால் கரண்ட் போனால் யுபிஎஸ் வேண்டும், லேப்டாப்பில் அந்தக் கவலை இல்லை.

கேள்வி: சாட்ஜிபிடி பயன்படுத்த 'ஏஐ லேப்டாப்' வாங்க வேண்டுமா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: தேவையே இல்லை. 'ஏஐ லேப்டாப்' என்பது ஏஐ வேலைகளுக்கென்று தனிப் பகுதி வைத்த சிப் உள்ள லேப்டாப். ஆனால் சாட்ஜிபிடி ஓடுவது அந்த நிறுவனத்தின் சர்வரில், உங்கள் பக்கம் பிரவுசரும் இணையமும் இருந்தால் சரி. அந்தக் காசில் 16 ஜிபி ரேம் உள்ளதாகப் பாருங்கள்.