உக்ரைன் பெண்கள் அமெரிக்கரை மணந்துகொள்வது கிரீன் கார்டுக்காகத்தானா? அங்கே போன பிறகு அவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கும்?

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு உக்ரைன் பெண்ணைத்தான். அதனால் ஒரு நாட்டுப் பெண்களுக்கே சேர்த்துப் பதில் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அந்த ஒருத்தியை மட்டும் பல வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இருவருக்கும் ஒரே வயது என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோவை ஒட்டிய ஃபோல்சமில். நான் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் மனைவி என்ற கணக்கில் வந்தவள். அவள் வந்தது கே-1 விசாவில், அதாவது அமெரிக்கக் குடிமகனுக்கு நிச்சயமான பெண் என்ற கணக்கில். 2019 கடைசியில், நூலகத்தில் நடந்த இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்பில்தான் பழக்கம். நான் பிளஸ் டூ வரை தமிழ்வழி. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

முதல் நாள் ஆளுக்கொரு வரி தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எழுந்து "ஐ டென்டிஸ்ட்" என்றாள். "ஐ ஆம் எ டென்டிஸ்ட்" என்று டீச்சர் திருத்தினார். உக்ரைன் மொழியும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். "நான் மருத்துவர்" என்றால் வாக்கியம் முடிந்துவிடும். நடுவில் ஆம், இஸ் எதுவும் வேண்டாம், முன்னால் 'எ', 'தி' ஒட்டுகிற தொல்லையும் கிடையாது. அந்த 'எ', 'தி' பயிற்சித்தாளில் வகுப்பிலேயே அதிகத் தப்பு எங்கள் இருவருக்கும்தான். சிநேகிதம் அதில் ஆரம்பித்தது. டீச்சர் திருத்தியதைத் திரும்பச் சொல்லாமல் அவள் ஒரு நிமிடம் யோசித்து, "ஆம்-ஆ, வாஸ்-ஆ?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உக்ரைனின் கார்கீவ் நகரத்தில் ஒன்பது வருடம் பல் மருத்துவராக இருந்தவள். (அந்த ஊரில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் மருத்துவம் படித்தார்கள் அல்லவா, அவர்களில் சிலருக்கு இவள் பல் பிடுங்கியிருக்கிறாள். நான் தமிழ்நாடு என்றதும் "சென்னை?" என்றாள்.) இங்கே அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பல்லைக்கூடத் தொட முடியாது. தேசியத் தேர்வு எழுத வேண்டும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று இருக்கும் இரண்டு மூன்று வருடப் படிப்பில் இடம் பிடிக்க வேண்டும், கடன் வாங்கிப் படிக்க வேண்டும், அப்புறம் மாநில உரிமம்.

சரி, கிரீன் கார்டுக்கு வருகிறேன். சொந்த வருமானம், சொந்த ஃப்ளாட், வாசலில் மெட்ரோ என்று இருந்தவள், போருக்கு முன்பே அதையெல்லாம் விட்டுவிட்டு, கார் இல்லாமல் பால் பாக்கெட் வாங்க முடியாத ஊருக்கு வந்தாள். லாபக் கணக்குப் போட்டவள் அப்படி வருவாளா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஜாதகம் கொடுக்கிற நம் வீடுகளைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அந்தக் கார்டும் கேட்டதும் கையில் கொடுக்கிற பொருள் கிடையாது. கே-1-இல் இறங்கினால் 90 நாளுக்குள் கல்யாணம், இல்லையென்றால் திரும்ப விமானம். கல்யாணத்துக்குப் பிறகுதான் கிரீன் கார்டு விண்ணப்பம். அது நிலுவையில் இருக்கும்போது, தனியாக வேலை அனுமதி வரும்வரை சம்பாதிக்கக் கூடாது. பயண அனுமதி வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். 2020 பிப்ரவரியில் இவளை வளர்த்த பாட்டி இறந்தார். போக முடியவில்லை. அடுத்த மாதம் கோவிட் வந்து எல்லா அலுவலகமும் மூடியது.

அந்த வருடக் கடைசியில் கார்டு வந்தது, அதுவும் இரண்டு வருடத்துக்கு மட்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியாதவர்களுக்கு அப்படித்தான். அது முடியும் முன்பு கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, நிஜமாகவே குடும்பம் நடத்துகிறோம் என்று நிரூபிக்க வேண்டும். 2022 கடைசியில் அவள் சாப்பாட்டு மேசை முழுக்க கூட்டு வங்கிக் கணக்கு, வருமான வரிப் படிவம், கார் இன்ஷூரன்ஸ், கரண்ட் பில். "எங்கள் காதல் கடிதங்களைப் பார்" என்று கரண்ட் பில்லை எடுத்துக் காட்டினாள். பொய்க் கல்யாணம் என்று தெரிந்தால் 5 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

மனைவியின் குடியேற்றக் காகிதம் கணவன் கையெழுத்தை நம்பி இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, கேள்வி கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை. 1995-லும் 2000-லும் வாஷிங்டன் மாநிலத்தில் இப்படி வந்த இரண்டு பெண்களைக் கணவர்களே கொன்றார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் 2005-இல் ஒரு சட்டம் வந்தது. இப்போது விசா தரும்போதே, உன் உரிமைகள் இவை என்று தூதரகத்தில் ஒரு கையேடு கொடுக்கிறார்கள். கணவன் அடித்தால் அவன் கையெழுத்து இல்லாமல் தானே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. என் தோழியின் கணவர் நல்ல மனிதர், தேவைப்படவில்லை. "ஆனாலும் அந்தக் கையேட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை" என்பாள்.

நல்ல மனிதரிடமும் பத்து டாலர் கேட்டு வாங்குவது கஷ்டம்தான். அது எனக்கும் தெரியும், எச்-4-இல் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் புது வாழ்க்கை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் கிரீன் கார்டு வந்த நாளைச் சொல்ல மாட்டேன். ஓட்டுநர் உரிமம் எடுத்து, தனியாக ஃப்ரீவேயில் ஏறி என் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் காரிலேயே ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாளே, அந்த நாள்தான். அப்புறம் ஒரு கிளினிக்கில் டென்டல் அசிஸ்டென்ட் வேலை. அதற்குக் கலிஃபோர்னியாவில் உரிமம் இல்லாமலே சேரலாம். புதிதாகப் படித்து வந்த டாக்டர் வேர் சிகிச்சை செய்ய, இவள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "கண் பார்க்கிறது, கை அரிக்கிறது, வாய் மூடியிருக்கிறது."

2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு எல்லாம் மாறியது. ஏப்ரலில் உக்ரைன்காரர்களை ஸ்பான்சர் செய்து தற்காலிகமாக அழைக்கும் திட்டம் வந்ததும் கணவர் முதல் வாரமே படிவம் நிரப்பினார். அனுமதியும் வந்தது. வர மறுத்தது அம்மாதான். பூனையை யார் பார்ப்பது, தோட்டத்தை யார் பார்ப்பது? இன்றுவரை கார்கீவில்தான் இருக்கிறார்.

கார்கீவ் பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசிய ஊர். இவள் வீட்டிலும் அதுதான். போர் வந்த அன்றிலிருந்து ரஷ்யன் பேசுவதில்லை என்று முடிவெடுத்தாள். சாக்ரமெண்டோவில் அது சுலபமில்லை. 1980-களின் கடைசியிலிருந்தே சோவியத் நாட்டு சுவிசேஷ சபைக் கிறிஸ்தவர்கள் இங்கே வந்து குடியேறியதால் ஸ்லாவிக் மளிகைக் கடைகள் நிறைய, அங்கே பொதுமொழி ரஷ்யன். இவள் வாங்கப் போவது பக்வீட், வடக்கத்தியர் குட்டு என்பார்களே, அந்தத் தானியம். ரஷ்யனில் க்ரெச்கா, உக்ரைன் மொழியில் ஹ்ரெச்கா. ஒரே சொல், முதல் எழுத்து மட்டும் வேறு. அந்த 'ஹ' வாயிலிருந்து வந்ததும் கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். சிலர் சிரிப்பார்கள், சிலர் மீதிச் சில்லறையைப் பேசாமல் வைப்பார்கள்.

2024-இல் குடியுரிமை வாங்கினாள். அமெரிக்கரை மணந்தவர்கள் கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம், மற்றவர்களுக்கு ஐந்து. பல் மருத்துவப் படிப்புக்கு இரண்டாம் முறை விண்ணப்பித்திருக்கிறாள்.

அவள் ஃபோனில் வான்தாக்குதல் எச்சரிக்கை செயலி இருக்கிறது, கார்கீவ் மாகாணத்துக்கு வைத்திருக்கிறாள். போன டிசம்பர் 24, காலை ஒன்பது மணி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அவர்கள் செய்யும் குத்யா என் வீட்டு அடுப்பில் இருந்தது. முழுக் கோதுமை, தேன், கசகசா, கிட்டத்தட்ட நம் சர்க்கரைப் பொங்கலின் ஒன்றுவிட்ட தங்கை. அவர்கள் கசகசா கறுப்பு. நான் இந்தியக் கடையில் வாங்கிய வெள்ளைக் கசகசாவைப் பார்த்துத் திகைத்துவிட்டு, அம்மாவிடம் கேட்க வீடியோ கால் போட்டிருந்தாள். அங்கே இரவு ஏழு. பேச்சுக்கு நடுவே செயலி அலறியது. அம்மா எழுந்து, தெருவிலிருந்து இரண்டு சுவர் தள்ளி உள்ளே இருக்கும் நடைவழிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளையோ கறுப்போ, பால் விடும்வரை அரைக்க வேண்டும் என்று அங்கிருந்தே தொடர்ந்தார். அவர்கள் அரைப்பது வரிவரியான மண்சட்டியில், மரக்கட்டையால். அது எங்களிடம் இல்லை. நான் மிக்ஸியை ஓடவிட்டேன்.

அம்மா பேச்சை நிறுத்தி ஏதோ கேட்டார். "அது என்ன சத்தம், உங்கள் பக்கமா, எங்கள் பக்கமா?" என்று கேட்கிறார் என்றாள். மிக்ஸியை நிறுத்திவிட்டு ஜாரைத் தூக்கி ஃபோன் முன்னால் காட்டினேன்.