பட்டனை விட்டால் மோட்டார் நின்றுவிடுகிறதா?

பச்சைப் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர் என்றால் மோட்டாரைச் சந்தேகப்படவே வேண்டாம், குழாயைத் தூக்கும் செலவு மிச்சம். ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்தான் காண்டாக்டர். அதைக் காந்தம்போல் இழுத்துப் பிடிக்கும் கம்பிச்சுருளான காயில், ஸ்டாப் பட்டன், லோடு கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே மூன்றும் கரண்ட் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஒரே வரிசையில் இருப்பவை. அழுத்தும்போது ஓடுகிறது என்றாலே அவை சரியாக இருக்கின்றன. பட்டனை விட்ட பிறகு காயிலுக்குக் கரண்ட் தருவது காண்டாக்டரின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஹோல்டிங் காண்டாக்ட். அதில்தான் கரி பிடித்திருக்கும், அல்லது வயர் கழன்றிருக்கும், எறும்பு கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மெயினை அணைத்து, மூன்று ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் பார்த்துவிட்டு அதைத் துடைத்து ஸ்குரூவை இறுக்குங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆனால் சில பழைய ஸ்டார்ட்டர்களில் பட்டனே காண்டாக்டரை நேராகத் தள்ளும், அப்போது காயில் எரிந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். அழுத்தும்போதே டர்ர் என்று அதிர்ந்தால் வோல்டேஜைப் பாருங்கள்: 415 வோல்ட் காயில் 350-க்குக் கீழே சரியாகப் பிடிக்காது. அப்புறம், பட்டனில் குச்சியைச் செருகி ஓட்டுவது மட்டும் வேண்டாம், கரண்ட் போய்த் திரும்பினால் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும்.