செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவே

வணக்கம் சார்,

‘ஆசியா’ என்ற சிறுகோளைச் சென்னையிலிருந்து கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் படித்துக் காட்டினேன். எட்டாவது படிக்கும் மகள், நம் மொட்டை மாடியிலிருந்து தெரியுமா என்கிறாள். மாமனாரோ, அது செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவே என்றால் வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் ஆலங்குடிக்கும் நடுவே அதற்கொரு சன்னதி இருக்கணுமே என்கிறார். என்ன சொல்ல?

ஒரு வாசகி, வலங்கைமான்

அன்புள்ள வாசகிக்கு,

மாமனாரிடம் சன்னதி இல்லை என்று சொல்லிவிடுங்கள். ராகு கேதுவை விட்டால் நவக்கிரகம் எல்லாம் வெறுங்கண்ணில் படுபவை. ஆசியா படாது. அதன் குறுக்களவே சுமார் 60 கிலோமீட்டர்தான், தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற தூரம். செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவே இப்படிச் சிறு பாறைகள் சுற்றும் சிறுகோள் பட்டையின் உள்பக்கமாக, மூன்றே முக்கால் வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அதைக் கண்டவர் நார்மன் போக்சன். நட்சத்திரங்களின் வெளிச்சத்தை எண்ணால் சொல்கிறார்களே, ஐந்து படி இறங்கினால் நூறில் ஒரு பங்கு என்று, அந்தக் கணக்கை 1856இல் வகுத்தவரும் அவரே. எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு. அவர் கணக்குப்படி, நல்ல இருட்டில் நம் கண் ஆறாம் படிவரை பார்க்கும். ஆசியா மிகப் பிரகாசமாக இருக்கும்போதே பத்தாம் படியை ஒட்டித்தான் வரும். பைனாகுலரை நம்ப வேண்டாம். நான்கு அங்குலத் தொலைநோக்கி ஒன்று பள்ளியிலோ அறிவியல் மன்றத்திலோ கிடைத்தால் போதும்.

ஆனால் அதிலும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பக்கத்து நட்சத்திரங்களிலிருந்து எப்படிப் பிரிப்பது? போக்சன் அதைக் கண்ட காலத்தில் இவ்வளவு மங்கிய புள்ளிகளைப் படமெடுக்கும் வசதியெல்லாம் இல்லை. வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். மகளும் அதையே செய்யட்டும். தெரிகிற புள்ளிகளை நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே இடத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். ஒரே ஒரு புள்ளி ஏறக்குறைய அரை நிலா அகலம் நகர்ந்திருக்கும். இணையத்தில் படம் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

எந்தப் பக்கம் தேடுவது என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருள் காட்டும். ஆசியாவின் வரிசை எண் 67. சூரியனுக்கு நேர் எதிரே வந்து நன்றாகத் தெரிவது சுமார் 16 மாதத்துக்கு ஒருமுறை. அது மாசி, பங்குனியில் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் டெல்டா மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த முறைதான்.

அப்புறம், கும்பகோணம் பக்கத்துக்காரர் என்பதால் ஒரு உபரித் தகவல்: 4130ஆம் எண் சிறுகோளின் பெயர் ராமானுஜன். 1988இல் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்தது. அதற்கு நான்கு அங்குலம் போதாது.