ஏழாம் சிம்பொனியின் முடிவில் வரும் கரகரப்பு

கார்லோஸ் கிளைபர் நடத்திய பீத்தோவன் ஏழாம் சிம்பொனியின் புது எல்.பி. இசைத்தட்டு மறுவெளியீட்டில் கடைசிப் பகுதி மட்டும் கரகரக்கிறது, கூம்பு ஊசிதான் (உருண்டை முனையுள்ள சாதாரண ஊசி) வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தட்டைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ., லேபிளை நெருங்கும்போது 20 சொச்சம்தான். இந்த சிம்பொனியோ சரியாக அந்த இடத்தில்தான் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் முழங்க முடிகிறது! வேகம் குறையக் குறைய அதே இசை குறைந்த நீளத்துக்குள் நெருக்கிப் பதிவாகிறது. கூம்பு ஊசியின் உருண்டை முனை அந்த நுணுக்கமான வளைவுகளில் சரியாகப் பொருந்தாமல் அங்கே திணறத்தான் செய்யும்.

முதலில் ஊசியைத் துடையுங்கள். அப்புறம் கோடு போட்ட அளவுத்தாள் வைத்து கார்ட்ரிட்ஜின் (ஊசி பொருத்தியிருக்கும் சிறு பெட்டியின்) கோணத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலும் கோளாறு இதில்தான் இருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால் ஆன்டி-ஸ்கேட்டைப் (ஊசிக்கை உள்பக்கமாக இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பை) பாருங்கள். எதுவும் சரிவரவில்லையென்றால் பள்ளத்தில் நன்றாகப் பொருந்தும் மெல்லிய முனை கொண்ட மைக்ரோலைன் ஊசி வாங்குங்கள். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்காகவே கொடுக்கலாம் அந்தப் பணத்தை.