பாதி பழுதான சிப்பிலும் கணினி செய்தவர்

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் மின்னணுவியல் விரிவுரையாளர் ஒருவர் பதிலளிக்கும் பகுதி. இந்த இதழில், பிரிட்டனின் சின்க்ளேர் கணினிகள் பற்றி வந்த கேள்விகள்.)

? அம்மா, 1980களில் சின்க்ளேர் கணினி நூறு பவுண்டுக்கும் குறைவாக விற்றது என்று படித்தேன். மட்டமான பாகங்களைப் போட்டுத்தான் விலையைக் குறைத்தார்களா?
– பாலிடெக்னிக் மாணவர், கோவில்பட்டி

இல்லை தம்பி. பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதற்குத்தான் மூளை வேண்டும்.

கிளைவ் சின்க்ளேர் 1980இல் இசட்எக்ஸ்80 என்ற கணினியை 99.95 பவுண்டுக்கு விற்றார். உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே சால்டரிங் செய்துகொண்டால் 79.95. அதற்குள் 21 சிப்கள் இருந்தன. அடுத்த ஆண்டு இசட்எக்ஸ்81 வந்தபோது அந்த 21 நான்காகச் சுருங்கியது: நுண்செயலி, ரோம் (மாறாத நிரல் இருக்கும் நினைவகம்), ராம் (நீங்கள் எழுதுவது தங்கும் நினைவகம்), இவர்களுக்கென்றே ஃபெரான்டி நிறுவனம் செய்துகொடுத்த ஒரு சிப். மற்ற சிப்கள் தனித்தனியே செய்த வேலையையெல்லாம் அந்த ஃபெரான்டி சிப் விழுங்கிக்கொண்டது. விலை 69.95க்கு இறங்கியது. திரையில் எழுத்து வரையும் வேலையைக்கூட நுண்செயலியின் தலையிலேயே கட்டினார்கள். அதனால் கணக்கை வேகமாகப் போடச் சொன்னால் திரை வெறுமையாகிவிடும். திரையும் தெரிய வேண்டுமென்றால் கணக்கு மெதுவாக நடக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பது வாங்கியவரின் விருப்பம்.

நான் வகுப்பில் ஆண்டு தவறாமல் கரும்பலகையில் வரைந்து காட்டியது 1982 ஏப்ரலில் வந்த சின்க்ளேரின் அடுத்த கணினியான ஸ்பெக்ட்ரத்தின் நினைவகத்தை. 48 கே (கிலோபைட்) நினைவகம் கொண்ட மாதிரியின் விலை 175 பவுண்டு. போட்டிக் கணினியான பிபிசி மைக்ரோவின் பி மாதிரி 399 பவுண்டுக்கு விற்ற காலம் அது. ஸ்பெக்ட்ரத்தின் 48 கேயில் மேல் 32 கேக்கு எட்டு சிப்கள் தேவைப்பட்டன (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், சிப்புக்கு ஒரு பிட்). 64 கிலோபிட் சிப்களைத் தயாரிக்கும்போது சிலவற்றில் ஒரு பாதி மட்டும் பழுதாகிவிடும். அவற்றை முழு விலைக்கு விற்க முடியாது. இவர்கள் அவற்றை 32 கிலோபிட் சிப்களாக மலிவாக வாங்கினார்கள். எந்தப் பாதி நல்லது என்று பிரித்து, ஒரே பக்கம் நன்றாக இருக்கும் எட்டு சிப்களை ஒரு பலகையில் சேர்த்து, ஒரு சிறு கம்பி இணைப்பால் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பழுதான பாதியை இயந்திரம் தொடவே தொடாது. 48 கே என்று சொன்னார்கள், 48 கே கிடைத்தது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? பொறியியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இந்தப் பலகையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பேன். வன்பொருளை வடிவமைத்த ரிச்சர்ட் ஆல்ட்வாசர், அதன் பேசிக் என்ற நிரல் மொழியை எழுதிய ஸ்டீவன் விக்கர்ஸ், அந்தக் கறுப்புப் பெட்டிக்கு உருவம் கொடுத்த ரிக் டிக்கின்சன் ஆகிய மூவரின் பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டு முழுவதும் முதலாளிக்கே போய்விடக் கூடாது.

? ஸ்பெக்ட்ரத்தில் பிள்ளைகள் விளையாடியதைத் தவிர எதையாவது கற்றார்களா?
– ஆசிரியை, பட்டுக்கோட்டை

கற்றார்கள் டீச்சர். மின் இணைப்பு கொடுத்தவுடன் அது பேசிக் மொழியில் உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கும். ஏதாவது எழுதினால்தான் ஏதாவது நடக்கும். ஒரு விளையாட்டைத் தொடங்குவதற்கே கட்டளை ஒன்று தட்ட வேண்டும். பிறகு கேசட் கீச்சிட்டபடி ஐந்து நிமிடம் ஓடும். அந்த ரப்பர் விசைகளில் எழுத்துக்கு எழுத்து தட்ட வேண்டியதில்லை. பி விசையை அழுத்தினால் ‘பிரிண்ட்’ என்ற கட்டளை முழுவதும் திரையில் வந்துவிடும். கட்டளை முழுவதும் நினைவகத்தில் ஒரே பைட்டில் அடங்கும். சிறு கைகளுக்கும் வசதி, சிறு நினைவகத்துக்கும் வசதி.

என் மாமா மகன் லண்டனிலிருந்து வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய மகளும் நானும் சேர்ந்து, 256க்கு 192 புள்ளிகள் கொண்ட அந்தத் திரையில் புள்ளிக் கோலம் போட்டோம். புள்ளிகளை அடுக்குவது எளிது. வளைவுகளுக்குத்தான் அந்தப் பெண் சைன், கொசைன் கேட்டாள். பள்ளியில் இன்னும் சொல்லித்தராத பாடம் அது. அவளே கேட்டாள் என்பதுதான் எனக்குப் பெரிது. கோலத்துக்கு வண்ணம் தீட்டும்போது இன்னொரு பாடம் கிடைத்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு வண்ணங்கள்தான் வரும். மூன்றாவதைத் தொட்டால் பக்கத்துக் கோடும் நிறம் மாறிவிடும். நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. பிரிட்டனில் விளையாட்டு எழுதிய பிள்ளைகள் இதே கட்டத்துக்குள் நின்றுதான் படம் வரைந்தார்கள். அந்த விளையாட்டுகளில் பெரும் புகழ் பெற்றது 1983இல் வந்த ‘மேனிக் மைனர்’. அதை எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது பதின்ம வயதுப் பையன்.

? ஸ்பெக்ட்ரம் இந்தியாவுக்கு வந்ததா?
– வாசகர், சேலம்

புனேயில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 80களின் பிற்பகுதியில் ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் விற்றது. ஆனால் 1984–85இல் ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் நம் பள்ளிகளுக்கு மத்திய அரசு கொடுத்தது போட்டியாளரான ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோவை. அது நல்ல இயந்திரம்தான், ஆனால் விலை கூடியது. பள்ளிக்கு ஒன்றிரண்டைப் பூட்டி வைப்பதைவிட மலிவானதைப் பத்து வாங்கியிருக்கலாம் என்று அன்றே வாதாடினேன். இன்றும் என் கருத்து அதுவே.

? ஸ்பெக்ட்ரம் லட்சக்கணக்கில் விற்றது என்கிறார்கள். பிறகு ஏன் அந்த நிறுவனம் வெறும் 50 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது? சி5 என்ற மூன்று சக்கர வண்டிதான் மூழ்கடித்ததா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பழியை வண்டியின் மீது போடுவது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது, ஐயா. 1985 ஜனவரியில் வந்த சி5, சின்க்ளேர் தம் பங்குகளில் ஒரு பகுதியை விற்ற பணத்தில் தனி நிறுவனமாக நடத்திய முயற்சி. அது அவர் பெயரைக் கெடுத்தது, அவர் கவனத்தைத் தின்றது. கணினி நிறுவனத்தின் நோய் அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது.

1984 ஜனவரி 12 அன்று அலுவலகங்களுக்கும் தீவிரப் பயனர்களுக்கும் என்று க்யூஎல் கணினியை 399 பவுண்டு விலையில் அறிவித்தார்கள். வடிவமைப்பே முடியவில்லை. 28 நாளில் வீட்டுக்கு வரும் என்று விளம்பரம் செய்து காசோலைகளை வாங்கினார்கள். முதல் இயந்திரங்கள் போய்ச் சேர வசந்தகாலம் ஆகிவிட்டது. நிரல் ரோமுக்குள் அடங்காததால், ஒரு பகுதி இயந்திரத்தின் பின்னால் தனிச் செருகியாகத் தொங்கியது. கணக்குப் புத்தகத்தைச் சேமிக்க வட்டு இயக்கி கிடையாது. மைக்ரோடிரைவ் என்று, வட்டமாக ஓடும் மெல்லிய நாடா. கேசட்டோடு பழகிய சிறுவனுக்கு அது முன்னேற்றம். சம்பளப் பட்டியலை அதில் வைத்த எழுத்தருக்கு, நாடா ஒருமுறை சிக்கினாலும் போதும், நம்பிக்கை போய்விடும்.

1985இல் ஆலன் ஷுகரின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் பிசிடபிள்யூ 8256ஐ வெளியிட்டது. அதே 399 பவுண்டு, வரி மட்டும் தனி. அந்த விலைக்குள் திரை, வட்டு இயக்கி, அச்சுப்பொறி எல்லாம் அடக்கம். ஒரு தையல்கடைக்காரருக்கு எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள். சின்க்ளேர் கடைசிவரை பாகத்தின் விலையையே பார்த்தார். ஷுகர் வேலை முடிவதற்கு ஆகும் மொத்தச் செலவைப் பார்த்தார்.

இதற்கிடையில் 1984 கிறிஸ்துமஸை நம்பி எல்லா நிறுவனங்களும் கணினிகளைக் குவித்திருந்தன. அடுத்த ஆண்டு சந்தை சரிந்தது, கிடங்கில் சரக்கு தேங்கியது. பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் 1985 ஜூனில் மீட்பராக வந்து, ஆகஸ்டில் விலகிப் போனார். 1986 ஏப்ரலில் சின்க்ளேரின் பெயரையும் கணினிகளையும் ஆம்ஸ்ட்ராட் வாங்கிக்கொண்டது. 1975இல் இதே மனிதரின் பிளாக் வாட்ச் கைக்கடிகாரமும் முழுமை பெறாமலே விற்பனைக்கு வந்து பெரும் நஷ்டமானது. அவர் மீது எனக்கு இவ்வளவு மரியாதை இருப்பதால்தான், பத்தாண்டில் அதே தவறு மீண்டும் நடந்ததை என்னால் எளிதாக விட முடியவில்லை. சோதனைக்கு ஆறு மாதம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் க்யூஎல் பிழைத்திருக்கும். அதன் 68008 நுண்செயலி நல்ல தேர்வு. பின்னாளில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையத்தை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் இளமையில் வைத்திருந்த கணினிகளில் க்யூஎல்லும் ஒன்று.

? சின்க்ளேர் கணினிகளைச் செய்த தொழிலாளர்கள் என்ன ஆனார்கள்?
– தொழிற்சங்கத் தோழர், ஓசூர்

இதைக் கேட்டதற்கு நன்றி, தோழர். ஸ்பெக்ட்ரம்களைப் பூட்டியவர்கள் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டைமெக்ஸ் ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். ஆம்ஸ்ட்ராட் தன் ஸ்பெக்ட்ரம் +2வைத் தைவானில் செய்தது. அந்தத் தொழிலாளர்களின் கையிலிருந்து வேலை போயிற்று. 1993இல் கசப்பான ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலையே மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த இளைஞர் டேவிட் ஜோன்ஸ் டண்டீயிலேயே டிஎம்ஏ டிசைன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1991இல் ‘லெம்மிங்ஸ்’ விளையாட்டால் உலகப் புகழ் பெற்றார். ஆனால் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு கதவு திறக்கவில்லை.

? சித்தப்பா லண்டனிலிருந்து அனுப்பிய ஸ்பெக்ட்ரம் பரணில் இருக்கிறது. இயக்கிப் பார்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

தயவுசெய்து உடனே செருகிவிடாதீர்கள். அதற்கு வேண்டியது 9 வோல்ட் நேர்மின்னோட்டம். செருகியின் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் கிடைக்கும் பல அடாப்டர்களில் நடுமுனை நேர்மின், அதைச் செருகினால் பலகை வெந்துபோகும். பழைய அடாப்டரையும் நம்ப வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது மேல்மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். விசைப்பலகையின் மெல்லிய நாடாக்கள் காய்ந்திருக்கும், ஒடிந்துவிடும். ஒடிந்தாலும் கவலை வேண்டாம், விசைகளுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் என்ற அந்த மெல்லிய தகட்டை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மின்தேக்கிகளை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுங்கள். படம் வர, அனலாக் ட்யூனர் உள்ள தொலைக்காட்சியில் யுஎச்எஃப் 36ஆம் அலைவரிசை அருகே தேடுங்கள். கேசட்டுகள் கூடவே இருந்தால் அவற்றை வெயிலில் வைக்காமல் எனக்கு எழுதுங்கள். அவற்றில் உள்ளதைப் பதிவு செய்து காப்பாற்றும் வழியைச் சொல்கிறேன்.